சீலோவும் பழவேற்காடும்: இடிபாடுகளில் விளங்கும் தேவனுடைய உண்மை

ஆலய விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, பொருளை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். நம் சபை தோன்றிய விதத்தையும் போதகர்களின் வரிசையையும் ஆலயம் கட்டப்பட்ட வரலாற்றையும் மூத்தவர்கள் இம்மலரிலேயே எழுதுகிறார்கள். அவற்றை நான் தொடவில்லை. பெரியபாளையத்தில் வாழும் நமக்குப் புனிதப் பயணம் என்றால் என்ன என்று விளக்கவும் தேவையில்லை. ஆடி பிறந்ததும் பவானி அம்மன் கோவிலை நோக்கி வந்து குவிகிற ஜனத்திரளை நாம் சிறுவயது முதலே பார்த்து வருகிறோம். நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. பழைய புனிதத் தலங்களைத் தேடிப் போகிற கிறிஸ்தவன் அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று வேதம் சொல்கிறது?

தேவன் அனுப்பிய பயணம்

சங்கீதக்காரன் நாற்பத்தெட்டாம் சங்கீதத்தில் சீயோனைச் சுற்றி வரவும், அதன் கொத்தளங்களை எண்ணவும், பின்வரும் சந்ததிக்கு விவரிக்கவும் சொல்கிறான். நம் பயணக் குழுக்கள் எருசலேமுக்குப் புறப்படும்போது இந்தப் பகுதியைத்தான் வாசித்து ஜெபித்துப் புறப்படுகின்றன. நல்லதுதான். ஆனால் வேதத்தில் இன்னொரு பயணக் கட்டளையும் இருக்கிறது. அதை வாசித்து எந்தக் குழுவும் புறப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. எரேமியா ஏழாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனத்தில், சீலோவுக்குப் போய், அந்த இடத்துக்குத் தாம் செய்ததைப் பார்க்கும்படி கர்த்தரே தம்முடைய ஜனத்துக்குச் சொல்கிறார்.

சீலோ எப்படிப்பட்ட இடம்? யோசுவாவின் நாளில் ஆசரிப்புக் கூடாரம் நிறுத்தப்பட்ட இடம். அன்னாள் மனம் கசந்து அழுது ஜெபித்த இடம். சிறுவன் சாமுவேல் இரவிலே சத்தம் கேட்டு எழுந்த இடம். அதே இடத்தில்தான் ஏலியின் குமாரர் பலியின் மாம்சத்தை முள்துறட்டியால் வாரிக்கொண்டார்கள். உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் வெற்றி நிச்சயம் என்று ஜனங்கள் நம்பினார்கள். பெட்டியையே பெலிஸ்தர் பிடித்துக்கொண்டு போனார்கள். சீலோ அழிந்தது. 1926-ஆம் ஆண்டு தொடங்கி டென்மார்க் நாட்டு அறிஞர்களும், 1981 முதல் இஸ்ரவேல் அறிஞர்களும் அந்த மேட்டைத் தோண்டினார்கள். கி.மு. பதினோராம் நூற்றாண்டில் அந்த ஊர் தீக்கிரையானதற்கான அடையாளங்கள் அங்கே வெளிப்பட்டன.

எரேமியாவின் காலத்து எருசலேமியர், ஆலயம் நம்மிடம் இருக்கிறது, நமக்கு ஒரு சேதமும் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத்தான் கர்த்தர் சீலோவின் இடிபாட்டுக்கு அனுப்புகிறார். புனிதத் தலம் தேவனைக் கட்டிப்போட்டு வைக்கும் கயிறு அல்ல என்பதைக் கண்ணால் பார்க்கச் சொல்கிறார். இதைக் கடிந்துகொள்ளுதல் என்று மட்டும் வாசிக்கக்கூடாது. சீலோ எரிந்தபின் சாமுவேல் எங்கே போனான்? அவனோடு பேசிய கர்த்தர் பேசுவதை நிறுத்தினாரா? 1 சாமுவேல் நான்காம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் எபெனேசர் என்ற இடத்தில் பாளயமிறங்கித் தோற்கிறார்கள். ஏழாம் அதிகாரத்தில் அதே பெயரைச் சூட்டி சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, இதுவரை கர்த்தர் உதவினார் என்று சாட்சி கூறுகிறான். இரண்டும் ஒரே இடமா என்பதில் உரையாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பெட்டி கீரியாத்யாரீமில் இருபது வருஷம் இருந்தது என்று இடையில் ஒரு வசனம் வருகிறது. தோல்விக்கும் சாட்சிக்கும் நடுவில் இருபது வருஷம்! அத்தனை வருஷமும் தேவன் தம் ஜனத்தை விட்டு அகலவில்லை. அழிந்துபோன சீலோவில் தேவனுடைய நீதியும் எபெனேசரில் அவருடைய உண்மையும் வெளிப்படுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவனே பயணத்தின் பலனைப் பெறுகிறான்.

ஆனதோத்து நிலம்

நம்பிக்கை என்ற சொல்லை எடுத்தால் எரேமியா முப்பத்திரண்டாம் அதிகாரத்தை விட்டு என் மனம் வேறெங்கும் போவதில்லை. சிதேக்கியாவின் பத்தாம் வருஷம், அதாவது கி.மு. 587-ஐ ஒட்டிய காலம். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறான். அந்த வேளையில் அவன் பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரியின் சேனை சூழ்ந்துகொண்டிருக்கும் நாட்டில் எவன் நிலம் வாங்குவான்? எரேமியா வாங்கினான். பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, முத்திரை போட்ட பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் பாருக்கின் கையில் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னான். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்பது கர்த்தரின் வாக்கு.

இரட்டைப் பத்திரம் எழுதும் இந்த வழக்கம் வேதத்தில் மட்டும் காணப்படுவதல்ல. சவக்கடல் அருகே ஒரு குகையில் 1961-இல் பேராசிரியர் யாதீன் குழுவினர் பாபத்தா என்ற யூதப் பெண்ணின் தோல்பையைக் கண்டெடுத்தார்கள். அதில் இருந்த பத்திரங்களில் பல அதே முறையில் எழுதப்பட்டவை: மேல்பாதி சுருட்டிக் கட்டி முத்திரையிட்டது, கீழ்ப்பாதி எவரும் வாசிக்கத் திறந்தது. எரேமியாவுக்கு ஏழு நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்ட பெண்மணி அவள். யுத்தத்துக்குத் தப்பி ஓடும்போதும் நிலப் பத்திரங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை இல்லாதவள் பத்திரத்தைச் சுமப்பாளா? எருசலேமைக் காணும் பேறு எனக்குக் கிடைத்தபோது ஒலிவமலையில் நின்று வடகிழக்கே ஆனதோத்து இருந்த திசையைத்தான் நெடுநேரம் நோக்கிக்கொண்டிருந்தேன். அதே மலையில் உள்ள பரமண்டல ஜெபத்தின் ஆலயத்தில், நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு நடுவே நம் தமிழிலும் அந்த ஜெபம் ஓட்டுப் பலகையில் எழுதப்பட்டிருப்பதைக் கண்ட தமிழனுக்கு நெஞ்சு நிறையாமல் இராது.

பரங்கிமலை

எருசலேம் பயணத்துக்கு அரசு உதவித்தொகை தருகிற காலம் இது. ஆயினும் பலருக்கு அந்த வாய்ப்பு எட்டுவதில்லை. அவர்களுக்குச் சொல்கிறேன்: நம் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே உலகம் தேடி வந்த தலம் இருக்கிறது. அப்போஸ்தலனாகிய தோமாவின் பெயரைத் தாங்கிய பரங்கிமலையில் 1547-இல் அகழ்ந்தபோது கிடைத்த கற்சிலுவையைச் சுற்றிப் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறது. போர்ச்சுகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கரையில் கிறிஸ்தவர் தொழுதார்கள் என்பதற்கு அந்தக் கல் சாட்சி. மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் தோமாவின் கல்லறைக்குப் பயணம் வருவதை எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் ஆல்பிரட் அரசர் 883-இல் இந்தியாவிலுள்ள தோமாவின் தலத்துக்குக் காணிக்கை அனுப்பியதாக அந்நாட்டுப் பழைய ஆண்டுக் குறிப்பு கூறுகிறது. தோமா வரவில்லை என்று வாதிடும் அறிஞர் உண்டு. தோமா சந்தித்த இந்திய அரசனாகத் தோமா நடபடிகள் என்ற பழைய நூலில் வரும் கொந்தபோரஸ் கற்பனை என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். அவனுடைய நாணயங்களும் கல்வெட்டும் வடமேற்கில் கிடைத்தபின் அந்த வாதம் தளர்ந்துபோயிற்று.

ஆரணியாறு போய்ச் சேரும் இடம்

இனி நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். நம் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆரணியாறு பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. ஆற்றின் இந்தக் கரையில் தொழும் நாம், அது முடியும் இடத்தில் உள்ள சபைச் சரித்திரத்தை எத்தனை பேர் அறிவோம்? போர்ச்சுகீசியர் அங்கே 1515-இல் மகிமை மாதா ஆலயத்தை எழுப்பினார்கள். சென்னை வட்டாரத்தில் மிகப் பழைய ஆலயம் என்று மதிக்கப்படுவது அது. இன்று நிற்பது புதிய கட்டிடம், ஆனால் ஆராதனை தொடர்கிறது. கத்தோலிக்கச் சகோதரரின் ஆலயம் ஆயினும் அந்தச் சாட்சி நமக்கும் உரியது என்றே நான் கருதுகிறேன்.

பிறகு டச்சுக்காரர் வந்தார்கள். 1612-இல் அவர்களுடைய பண்டகசாலையைப் போர்ச்சுகீசியர் அழிக்க, 1613-இல் அவர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி எழுப்பினார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களின் தலைமையிடம் அதுவே. துணியும் வெடிமருந்தும் அங்கிருந்து ஏறின. மனிதரும் ஏற்றப்பட்டார்கள். 1621-க்கும் 1665-க்கும் இடையில் இக்கரையிலிருந்து 38,000-க்கும் மேற்பட்டோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதாக ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். பஞ்சத்தில் பெற்ற பிள்ளையை விற்றவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. ஞாயிறுதோறும் கோட்டைக்குள் சங்கீதம் பாடப்பட்டது. மற்ற நாட்களில் அதே துறையில் மனிதர் விலைபேசப்பட்டார்கள். ஏலியின் குமாரரை நினைக்காமல் இதை வாசிக்க என்னால் முடியவில்லை.

அந்தக் கோட்டைக்குள்ளும் கர்த்தர் ஒரு மனிதரை வைத்திருந்தார். ஆபிரகாம் ரொஜேரியஸ் என்ற குருவானவர் 1630-களில் வந்து ஏறத்தாழப் பத்து ஆண்டு பழவேற்காட்டில் ஊழியம் செய்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் பொறுமையோடு கேட்டுக் கற்று, இந்நாட்டு மக்களின் சமய வாழ்வை விவரமாக எழுதினார். நூல் அவர் மறைந்தபின் 1651-இல் லெய்டன் நகரில் வெளிவந்தது. வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் சதகங்களை ஐரோப்பிய மொழியில் முதலில் கொண்டுவந்த புத்தகமும் அதுதான். இந்தியாவைப் பற்றி ஐரோப்பா பழவேற்காட்டின் வழியாகப் பாடம் கேட்டது என்றால் நம் மாவட்டத்தார் பெருமை கொள்ளலாம். அயலானின் விசுவாசத்தை ஏளனம் செய்யாமல் கேட்டறிந்த அந்தப் பொறுமையை, அம்மன் கோவில் ஊரில் வாழும் நாம் பின்பற்ற வேண்டும்.

கெல்ட்ரியா இன்று இல்லை. முகத்துவாரம் மணல் மூடித் துறைமுகம் தேய்ந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 1825-இல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் முற்றிலும் மாறியது. கோட்டை இருந்த இடம் புதர் மண்டிய மேடு. எஞ்சியது கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அத்தோட்டத்து நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் சிற்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே குலச்சின்னங்களும் டச்சு எழுத்தும் பொறித்த பெரிய கற்பலகைகள். வணிகரும் அதிகாரிகளும் அவர்கள் மனைவியரும் குழந்தைகளும் அங்கே உறங்குகிறார்கள். எங்கள் வாலிபர் கூட்டத்தாரோடு அங்கே போயிருந்தபோது, அந்த வாயிலில் நின்று எசேக்கியேல் முப்பத்தேழாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னேன். உலர்ந்த எலும்புகள் உயிரடையுமா என்ற கேள்வியை அந்த இடத்தில் கேட்கும்போது, அது பாடப்புத்தகக் கேள்வியாக இருப்பதில்லை. பழவேற்காடு நம்முடைய சீலோ. தேவ நாமத்தைச் சொல்லிக்கொண்டு அநீதி செய்த கோட்டையை அவர் நிற்க விடவில்லை. ஆனால் தம் நாமத்தை அந்தக் கரையில் அணையவும் விடவில்லை. கோட்டை கட்டியவர்களுக்குப் பின்பும் மீன்பிடி மக்கள் அங்கே தொழுகிறார்கள். முகத்துவாரம் இன்றும் மூடிக்கொள்கிறது, பிழைப்பு இன்றும் பாடுதான், ஆலயமணியும் இன்றும் ஒலிக்கிறது.

தரங்கம்பாடி

தரங்கம்பாடியைப் பற்றி அதிகம் எழுத இடமில்லை. டேனியர் ஆட்சியில் இருந்த அந்த ஊரில் 1706 ஜூலை 9-இல் மிஷனெரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் கரையிறங்கினார்கள். அடுத்த ஆண்டு கட்டிய எருசலேம் ஆலயத்தைக் காலப்போக்கில் கடல் கொண்டது. 1718-இல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயம் இன்றும் ஆராதனைக்குத் திறந்திருக்கிறது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியதும் அங்கேதான். காகிதம் போதாதபோது அருகிலேயே கடுதாசிப் பட்டறை நிறுவினார்கள். 36 வயதில் மறைந்த சீகன்பால்கு பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்குமே மொழிபெயர்த்திருந்தார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனெரி சூல்ட்ஸே முடித்தார். டேனியர் அந்த ஊரை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அங்கே அச்சேறிய வேதம் நம் வீட்டு மேசைகளை வந்து சேர்ந்திருக்கிறது.

சபையாருக்கு விண்ணப்பம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் நம்மைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கும் இளைஞர்களில் ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்த கிறிஸ்தவப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சொந்த ஊரை விட்டு அந்நிய மொழிக்கு நடுவே வாழும் அவர்களுக்கு நூற்று முப்பத்தேழாம் சங்கீதத்தை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அடுத்த பயணத்துக்கு அவர்களையும் அழையுங்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பேருந்து அமர்த்திப் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய் வாருங்கள். சிறுவர்களைக் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தி, எரேமியா ஏழாம் அதிகாரத்தையும் முப்பத்திரண்டாம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள்.

இன்னொன்றையும் செய்யுங்கள். நம் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் திருமணப் பதிவேடுகளையும் கரையான் தொடுவதற்கு முன் படியெடுத்து வையுங்கள். வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம், இங்கே முதலில் ஜெபித்த வீடு எது, முதல் உபதேசியார் எந்த வழியாக நடந்து வந்தார் என்று கேட்டு, ஆண்டோடும் பெயரோடும் எழுதுங்கள். எழுதிய தாள்களை ஆலய அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். அடுத்த மலருக்கு அவையே கட்டுரைகளாகட்டும்.