ஷெல் சரம் வெட்டக் கற்ற கதை

கோப்புப் பெயரின் கடைசிப் புள்ளியையும் அதற்குப் பின்னால் ஒட்டியிருப்பதையும் நீக்க வேண்டும். சர்வர் பராமரிப்பில் இருக்கும் என் போன்றவர்களுக்கு இது அன்றாட வேலை. இன்றைய பாஷ் ஷெல்லில் ஒற்றை % குறியில் முடிந்துவிடும். அந்தக் குறி ஷெல்லுக்குள் வந்துசேரப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். கதை தெரிந்தவர்களுக்குக் குறிகள் மறப்பதில்லை.

1971இல், நியூ ஜெர்சியின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸன் எழுதிய முதல் யூனிக்ஸ் ஷெல் மிகச் சிறியது. தட்டிய வரியைச் சொற்களாகப் பிரிக்கும், முதல் சொல்லின் பெயரில் இருக்கும் நிரலை ஓடவிடும். பெயர் சூட்டி ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் மாறிகூட அதில் கிடையாது. இஃப், கோட்டூ இரண்டும் வெளியே தனி நிரல்கள். கோட்டூ வேலை செய்த விதம் எனக்கு இன்றும் வியப்புத்தான். ஷெல் படித்துக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் கோப்பில், படிக்கும் இடத்தை வேண்டிய வரிக்கு நகர்த்திவைத்துவிட்டு அது முடிந்துபோகும்; ஷெல் அங்கிருந்து தொடரும். நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரிக்கவும் குளோப் என்றொரு தனி நிரல் இருந்தது.

இதைக் குறையென்று நான் நினைக்கவில்லை. பிடிபி-11 எந்திரத்தின் நினைவகம் அவ்வளவு குறுகல். 1973இல் அதே ஆய்வுக்கூடத்தின் டக் மக்கில்ராய் விடாமல் கேட்டதால் பைப் வந்தது. கிரெப், செட், பிறகு 1977இல் ஆக் என்று எழுத்தைத் தொடும் கருவிகள் வரிசையாகப் பிறந்தன. வெட்டுவதும் ஒட்டுவதும் அவற்றின் பாடு, அவற்றைக் கோத்துவிடுவது ஷெல்லின் பாடு என்று ஆனது.

1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீவ் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. கேம்பிரிட்ஜில் அல்கால் 68 கம்பைலரில் வேலை செய்தவர் அவர். இஃப் என்று தொடங்குவதை அதையே திருப்பிப் போட்டு ஃபை என்று முடிக்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். மாறிகள் வந்தன. மாறிக்கு மதிப்பே தரப்படாமல் இருந்தால் என்ன செய்வது என்று சொல்லும் வசதி வந்தது. கேஸ் வழியாக ஒரு சரம் ஒரு வடிவத்தோடு பொருந்துகிறதா என்று ஷெல்லுக்குள்ளேயே பார்க்கவும் முடிந்தது. ஆனால் பொருந்திய பகுதியை வெட்டியெடுக்க வழியில்லை. நீளம் அறிய வேண்டுமானால் எக்ஸ்பர் என்ற கணக்குப் போடும் நிரலைக் கூப்பிட்டு, எல்லா எழுத்துக்கும் பொருந்தும் வடிவத்தைக் கொடுத்து, எத்தனை பொருந்தின என்று கேட்க வேண்டும். பெயரின் வாலை நறுக்கவோ ஒரு எக்கோ, ஒரு பைப், ஒரு செட். ஒரு சரத்துக்கு இரண்டு நிரல்கள் பிறந்து சாகும். ஆயிரம் கோப்பு உள்ள அடைவில் இதைச் சுற்றில் விட்டால், நேரமெல்லாம் அந்தப் பிறப்புக்கும் சாவுக்குமே போகும். அப்படி எழுதப்பட்ட இரவு ஸ்கிரிப்டுகள் பலவற்றை நான் திருத்தியிருக்கிறேன். பெரும்பாலானவற்றில் செட்டை எடுத்துவிட்டு ஷெல்லின் சொந்தக் குறியைப் போட்டாலே போதுமாக இருந்தது.

அந்தக் குறியைத் தந்தவர் அதே பெல் ஆய்வுக்கூடத்தின் டேவிட் கோர்ன். தம் ஷெல்லை 1983இல் டொரான்டோவில் நடந்த யூஸ்நிக்ஸ் மாநாட்டில் அறிமுகப்படுத்தினார். அதன் 1988ஆம் ஆண்டுப் பதிப்பில் # முன்பக்கத்தை வெட்டும், % பின்பக்கத்தை வெட்டும். அமெரிக்க விசைப்பலகையைப் பாருங்கள்: நடுவில் டாலர் குறி, அதன் இடப்பக்கம் #, வலப்பக்கம் %. ஒற்றையாகப் போட்டால் குறைந்த அளவு, இரட்டையாகப் போட்டால் முடிந்த அளவு. 'படம்.டார்.ஜிஇசட்' என்ற பெயரில், புள்ளியிலிருந்து வெட்டு என்று ஒற்றை % போட்டால் 'படம்.டார்' மிஞ்சும், இரட்டை %% போட்டால் 'படம்' மட்டும் மிஞ்சும். இத்தனை சிறிய இலக்கணத்தில் இவ்வளவு வேலை வாங்கிய இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

கோர்ன் ஷெல்லின் மூலநிரல் 2000 வரை திறந்து விடப்படவில்லை. க்னூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் 1989இல் பாஷை எழுதியதும், பிறகு செட் ரமி அதைத் தொடர்ந்து பராமரித்துவருவதும் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய கொடை. 1992இல் வந்த போசிக்ஸ் தரம் #, % இரண்டையும் ஏற்றுக்கொண்டது. இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனை எழுத்து எடு என்பதும், இதற்குப் பதில் அதைப் போடு என்பதும் அந்தத் தரத்தில் இல்லை. கோர்ன் ஷெல்லின் 1993 பதிப்பில் இருந்த அவற்றை பாஷ் 1996இல் எடுத்துக்கொண்டது. 2006 அக்டோபரில் உபுண்டு 6.10 தன் அடிப்படை ஷெல்லாக டாஷை வைத்தபோது இந்த வேறுபாடு வெளிச்சத்துக்கு வந்தது. தரத்துக்கு உட்பட்ட ஸ்கிரிப்டுகள் ஓடின. பாஷின் கூடுதல் வசதிகளை நம்பியவை நின்றன. அதனால்தான் # எழுதுகிற கைக்குத் தரத்தின் எல்லை எதுவென்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

2005இல் ஆக்செல் லில்யென்க்ரான்ட்ஸ் தொடங்கிய ஃபிஷ் ஷெல் இந்தக் குறிகளை வேண்டாமென்றே விட்டது. பல ஆண்டுகள் அதைப் பயன்படுத்தியவர்கள் செட்டிடமும் ஆக்கிடமும்தான் போனார்கள். 2016இல் 2.3 பதிப்பில் ஸ்ட்ரிங் என்ற கட்டளை வந்தது. நீளம் பார்ப்பது, துண்டெடுப்பது, பிரிப்பது, சேர்ப்பது, ஓரத்து வெற்றிடத்தை நீக்குவது, பொருத்துவது, மாற்றுவது எல்லாம் அதன் துணைச்சொற்கள். பைப்பில் செட் நிற்கும் இடத்தில் இதுவும் நிற்கும், ஆனால் ஷெல்லுக்குள்ளேயே ஓடுவதால் வேறு நிரல் பிறக்காது. தாம்ப்ஸன் காலத்து ஒழுங்கையும் கோர்னின் வேகத்தையும் ஒருசேர வைத்திருப்பதால், புதிதாக ஒரு ஷெல் எழுதுபவர் பின்பற்ற வேண்டிய வழி இதுதான் என்பது என் கருத்து.

முதல் ஷெல்லை எழுதிய தாம்ப்ஸன்தான் 1992 செப்டம்பரில் ராப் பைக்குடன் நியூ ஜெர்சியின் உணவகம் ஒன்றில், மேசை விரிப்புக் காகிதத்தில் யூடிஎஃப்-8 முறையை வகுத்தார். அந்த முறையில் 'தமிழ்' என்ற சொல் 15 பைட். மொழி அமைப்பு சரியாக இருந்தால் பாஷ் அதன் நீளம் 5 என்னும். வெறும் 'சி' அமைப்பில் ஓடும் சர்வரில் 15 என்னும். நமக்கோ அது மூன்றெழுத்து. முதல் இரண்டை எடு என்றால் 'தம' வரும், மி தன் இகரக் குறியை இழந்துவிடும். ஊழியர் பெயர்ப் பட்டியலைக் கட்டத்துக்குள் அடக்கும் ஸ்கிரிப்டில் இது சிறிய விஷயமில்லை; ஒருவருடைய பெயர் அது. ஃபிஷ்ஷின் ஸ்ட்ரிங் கட்டளையில் பொருத்தும் வசதி பெர்ல் பாணி வடிவங்களை ஏற்கும். பின்சாய்கோட்டோடு பெரிய எக்ஸ் போட்டு எல்லாப் பொருத்தங்களையும் கேட்டால் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துத் தரும். தமிழ்ப் பெயர்களை வெட்டும் இடங்களில் நான் அதைத்தான் வைக்கிறேன். க்ஷ மட்டும் க், ஷ என்று இரண்டாகப் பிரியும்; அதை ஓரெழுத்தாக எண்ண வேண்டுமானால் வடிவத்தின் முன்னால் அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.