பிளஷர் காரின் அழகு

சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் எண்பதைத் தொட்டவர்களோடு பேசிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு சொல் காதில் விழும்: பிளஷர். பாரம் ஏற்றினால் லாரி. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினால் பஸ். இரண்டும் இல்லாமல் ஒரு குடும்பம் மட்டும் உட்கார்ந்து போகிற வண்டிக்குப் பிளஷர் என்று பெயர். ஆங்கிலம் தெரியாத நாக்குகளில் புழங்கிப் புழங்கி அந்தச் சொல் தமிழாகிவிட்டது. இன்பம் என்ற பொருள் யாருக்கும் நினைவில் இல்லை. எனக்கு அந்தப் பொருள்மேல்தான் கண். அது யாருடைய இன்பம்?

இந்த வட்டாரத்தில் ஐம்பதுகளில் பிளஷர் என்றால் பெரும்பாலும் மனத்தில் வந்தது அமெரிக்க வண்டிதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாய் சிவ்ரியில் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியிருந்தது. ஃபோர்டும் அதே காலத்தில் வந்தது. இங்கேயே பாகங்களைச் செய்யுங்கள் என்று சுதந்திர இந்தியாவின் அரசு வற்புறுத்தியதும் இரண்டும் ஐம்பதுகளின் நடுவில் கடையைக் கட்டின. நின்றது பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். கிரைஸ்லரின் உரிமத்தோடு 1947 முதல் குர்லாவில் டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ என்ற பெயர்களில் வண்டிகளை இறக்கியது. டாட்ஜ் கிங்ஸ்வே அழகா, டிசோட்டோ டிப்ளமேட் அழகா என்று சண்டை போட்டவர்கள் உண்டு. இரண்டுமே பிளைமவுத்தின் உடம்புதான். மூக்கிலும் பெயர்ப்பலகையிலும் மட்டும் சின்ன மாற்றம். ஒரே பெண்ணுக்கு மூன்று நகைக்கடையில் நகை போட்டுப் பார்த்த கதை.

இந்த உவமை தானாக வந்து விழுவதுதான் சிக்கல். கார் அழகைப் பேசத் தொடங்கிய ஆண்கள் எங்கே போய் நிற்பார்கள் என்பது எனக்குப் பழகிப்போன விஷயம். இடுப்பு, வளைவு, பளபளப்பு, நடை. நம் இலக்கியத்தில் பெண்ணை முடியிலிருந்து அடிவரை வருணிக்கும் கேசாதிபாதம் என்ற முறை உண்டு. அதை எடுத்து முன்விளக்கிலிருந்து டிக்கி வரை ஓட்டினால் பழைய கார் ரசிகரின் பேச்சு கிடைத்துவிடும். பிடிக்காதவர்களின் பேச்சும் அங்கிருந்தேதான் புறப்படுகிறது: குண்டு, மேக்கப் அதிகம், பல்லைக் காட்டுகிறது.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறையை 1927 முதல் 1958 வரை நடத்தியவர் ஹார்லி ஏர்ல். நீளம் கூட்டு, உயரம் குறை, ஒவ்வொரு வருடமும் முகத்தை மாற்று என்பது அவர் வழி. போர் விமானத்தின் வாலைப் பார்த்து 1948 காடிலாக்கில் ஏற்றிய சின்ன வால் துடுப்பு, 1959இல் ஆள் இடுப்புக்கு மேல் வளர்ந்து நின்றது. காடிலாக்கின் முன் பம்பரில் கூம்பு வடிவில் இரண்டு குரோமியக் குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும். தொலைக்காட்சியில் டாக்மர் என்ற பெயரில் நடித்த பெண்ணின் மார்பை நினைவூட்டுகிறது என்று அவற்றுக்கு டாக்மர் என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் கார்ப் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. ரேமண்ட் லோவி என்ற வடிவமைப்பாளர் 1955இல் அட்லாண்டிக் இதழில், இவை சக்கரம் வைத்த ஜூக்பாக்ஸ் என்று கடிந்து எழுதினார். காசு போட்டால் பாடும் மினுக்குப் பெட்டி. வாதம் சூடாக நடந்தது.

பிறகு எட்செல் வந்தது. 1957 செப்டம்பரில் ஃபோர்டு பெரிய விளம்பரத்தோடு இறக்கி, 1959 நவம்பரில் கைவிட்ட கார். அது தோற்றதற்குப் பொருளாதார மந்தம், தரக்குறைவு என்று பல காரணங்கள் உண்டு. மக்கள் நினைவில் நின்றதோ அதன் முகம். நடுவில் செங்குத்தாக நீள்வட்டமாய் இருந்த கிரில்லைக் குதிரையின் கழுத்துப் பட்டை என்றார்கள், கழிப்பறை இருக்கை என்றார்கள், கடைசியில் பெண்குறி என்றார்கள். காருக்கு வைத்தது ஹென்றி ஃபோர்டின் மகன் பெயர். அழகில்லை என்று திட்ட வேண்டி வந்ததும் அது பெண்ணாகிவிட்டது.

வாங்கும் முடிவில் பெண்களுக்கும் பங்கு உண்டு என்று கம்பெனிகளுக்குத் தெரியாமலில்லை. நம் சாலைகளில் ஓடிய அதே டாட்ஜ் பெயரில், 1955இல் அமெரிக்காவில் லா ஃபாம் என்றொரு கார் வந்தது. இளஞ்சிவப்பும் வெள்ளையும். கூடவே அதே நிறத்தில் கைப்பை, உதட்டுச்சாயம், சீப்பு, மழைக்கோட்டு, குடை. ஓட்டுவதற்கு எளிதாக ஒரு மாற்றமும் செய்யவில்லை, குடை கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஏர்ல் தன் துறையில் சில பெண் வடிவமைப்பாளர்களை அமர்த்தினார். ‘டாம்செல்ஸ்’, அதாவது குமரிகள், என்று பட்டம் கட்டிப் படம் எடுத்து விளம்பரம் செய்தது கம்பெனி. அந்தப் பெயர் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் கைக்கு வந்தது பெரும்பாலும் காரின் உள்பக்கம்: இருக்கைத் துணி, நிறம், கைப்பிடி. வெளி உடம்பு ஆண்களுடையது. ஏர்ல் ஓய்வுபெற்றபின் பலர் வெளியேற, சூசன் வாண்டர்பில்ட் போன்றவர்தான் நிலைத்து நின்றார். வீட்டுக்கு உள்ளே நீ, வாசல் எனக்கு என்ற பழைய பங்கீடுதான்.

என் குடும்பத்திலும் இந்தப் பட்டிமன்றம் ஒருமுறை நடந்தது. அறுபதுகளின் தொடக்கம், ராசிபுரம் பக்கம். பெரியம்மாவின் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை வீட்டார் சேலத்தில் தெரிந்த ஒரு மில் முதலாளியிடம் பிளைமவுத்தை இரவல் வாங்கி வந்தார்கள். அப்புச்சி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். “லட்சுமியாட்டம் வந்து நிக்குது பாரு” என்றிருக்கிறார். அமுச்சிக்கு வண்டியின் குரோமியப் பல்வரிசையைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. “மொதல வாயத் தொறந்தாப்பல இருக்குது. இதுக்குள்ளயா எம் புள்ளய வெச்சு அனுப்பறது?”

“உனக்கென்ன தெரியும்” என்பதோடு விவாதம் முடிந்தது.

பெரியம்மா நகையோடும் மாலையோடும் பின்சீட்டில் ஏறினார். கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள், புழுதி படக் கூடாது என்று. அமெரிக்கச் சாலைக்காகச் செய்த மெத்தென்ற ஸ்பிரிங், நம் குண்டுகுழிகளில் படகுபோல் ஆடியது. பெட்ரோல் வாடை வேறு. மல்லூர் தாண்டுமுன் பெரியம்மா வாந்தி எடுத்துவிட்டார். வண்டியிலிருந்த பெரியவர்கள் பதறியது சீட்டுத் துணிக்காக. இரவல் வண்டி, நாளைக்கு என்ன பதில் சொல்வது? கார் அழகாக இருந்ததா என்று பல வருடம் கழித்துப் பெரியம்மாவிடம் கேட்டேன். வெளியே எப்படி இருந்தது என்று நின்று பார்க்க யாரும் விடவில்லை என்றார். அவருக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்று: கதவைத் திறக்க எந்தப் பிடியைத் திருக வேண்டும் என்று தெரியவில்லை, டிரைவர் வந்து வெளியிலிருந்து திறந்துவிட்டார்.

இந்த மோகத்தைத் தமிழ்நாட்டில் ஒருவர் தலைகீழாகக் கவிழ்த்தார். எம்.ஆர்.ராதா தன் இம்பாலா காரில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிப் போனார் என்ற கதையைக் கேட்காத தமிழர் குறைவு. செவ்ரோலே இம்பாலா 1958இல் பிறந்த வண்டி. இறக்குமதி இறுகிப்போன இந்தியாவில் அது எட்டாக் கனி. அதன்மேல் வைக்கோலைப் போட்டது பெரியாரின் தொண்டர் செய்யக்கூடிய காரியம்தான். சாமியாக இருந்தாலும் சரி, காராக இருந்தாலும் சரி, கும்பிடாதே என்பது. பெண்ணை நகை மாட்டும் பொம்மையாக்குவதைப் பெரியார் எத்தனையோ மேடைகளில் சாடியிருக்கிறார். நீதிக்கட்சி திராவிடர் கழகமானது 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில்தான். குரோமியம் பூட்டிய காரை நகை பூட்டிய பெண்ணோடு சேர்த்துப் பார்க்க எனக்கு அந்த மரபு கைகொடுக்கிறது.

ஆனாலும் வைக்கோல் கதையில் எனக்கு ஓர் இடறல் உண்டு. வெறும் தகரம் என்று காரை ஏளனம் செய்ய, கார் முதலில் உங்களுடையதாக இருக்க வேண்டும். சாவி சட்டைப்பையில் இருப்பவர் அதைக் கும்பிடலாம், அதில் வைக்கோலும் ஏற்றலாம். அப்புச்சியின் பக்தி, ராதாவின் நக்கல் இரண்டும் ஆண்கள் கையில் இருந்த வசதிகள். அமுச்சி முதலை என்று சொன்னபோது அது கருத்தாகக்கூட எண்ணப்படவில்லை. அவர் குறை சொன்னது காரின் தோற்றத்தை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. மகளை வைத்து அனுப்பும் பெட்டியாக அதைப் பார்த்தவர் அவர்.

பெண்ணைப் பின்சீட்டில் வைக்கும் படத்தைப் பழக்கியதில் சேலத்துக்கும் பங்கு உண்டு. ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், அவர் 1963இல் மறைந்த பிறகு ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளியது. ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி.சங்கர்’ வகையறா. இந்த வகைப் படங்களில் நாயகனுக்குக் கார் வேகம், வில்லனுக்கு அந்தஸ்து. பெண் வந்தால் கடத்தப்படுவாள், இல்லையென்றால் மயக்க வந்தவளாக முன்சீட்டில் சாய்ந்திருப்பாள். ‘சி.ஐ.டி.சங்கர்’ படத்தில் நடித்த சகுந்தலாவுக்குக் கடைசிவரை சி.ஐ.டி.சகுந்தலா என்றே பெயர் நின்றது. துப்பறிந்தவர் சங்கர்.

நாமக்கல்லை விட்டுவிட முடியாது. கிங்ஸ்வேயைச் செய்த அதே குர்லா தொழிற்சாலை டாட்ஜ், ஃபார்கோ லாரிகளையும் செய்தது. மூக்கு நீண்டு, கன்னம் உப்பி, காருக்கு அக்கா போல இருக்கும். ஆனால் அந்த லாரிகளை அழகா அசிங்கமா என்று கேட்டுச் சண்டை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. எத்தனை டன் ஏறும், எத்தனை நடை போகும் என்பதுதான் பேச்சு. பின்னாளில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளால் பேர்பெற்ற ஊரில், வேலை செய்யும் வண்டிக்கு அந்த மரியாதை கிடைத்தது. வயலிலும் தறியிலும் வேலை செய்த பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. அவர்கள் உழைப்பும் அளக்கப்பட்டது, பெண்பார்க்கும் நாளில் நிறமும் அளக்கப்பட்டது.

நான் என்ன சொல்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 1953 ஸ்டூடிபேக்கர் கூபே, குரோமியத்தை அடக்கி வாசித்த வண்டி, எனக்கு அழகுதான். 1959 இம்பாலாவின் படுக்கைவாட்டு இறக்கைகளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் கண்ணை எடுக்க முடிவதில்லை. கிங்ஸ்வே சாதாரணம். இந்த வண்டிகள் இப்போதும் முகூர்த்த நாளில் பூச்சூடி வாடகைக்கு வருகின்றன. போன தை மாதம் சேலத்தில் ஒரு கல்யாணத்தில் ஒரு பழைய பிளைமவுத் நின்றது. டிரைவரிடம் கேட்டு முன்சீட்டில், ஸ்டீரிங்குக்குப் பின்னால், உட்கார்ந்து பார்த்தேன். ஒரே நீளப் பலகையாக வரும் இருக்கை, முன்னால் இழுத்தும் கிளட்ச் எனக்கு எட்டவில்லை. முதுகுக்கு ஒரு தலையணை வேண்டியிருந்தது. “நல்லா பலமா மிதிக்கணுங்க அக்கா” என்றார் அவர். கியர் ஸ்டீரிங் தண்டிலேயே இருந்தது. முதல் கியர் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.