வழுக்கும் கியர்பாக்ஸும் திமிங்கில எண்ணெயும்

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். எஞ்சின் உறுமுகிறது, வண்டி மட்டும் நகர யோசிக்கிறது. நம்மூர் வண்டியில் கிளட்ச் பிளேட் தேய்ந்தால் வருமே, அதே அறிகுறிதான். ஆனால் அமெரிக்காவின் பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப்பில் கிளட்ச் பெடலே கிடையாது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். ஆகவே இந்த வியாதியின் சரித்திரம் பெரும்பாலும் எண்ணெயின் சரித்திரம். பி.காம். படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். வாகனக் கடன் கொடுத்துக் கொடுத்தே பானட்டைத் திறந்து பார்க்கும் புத்தி வந்துவிட்டது.

1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஹைட்ராமாட்டிக் என்ற கியர்பாக்ஸை வைத்து விற்றது. பெருமளவில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். இரண்டாம் உலகப் போரில் அது எம்5 ஸ்டூவர்ட் டாங்கிக்குள்ளும் போனது. 1949-ல் ஜி.எம். இதற்கென்றே 'டைப் ஏ' என்ற எண்ணெயை வரையறுத்தது. அந்நாள் எண்ணெய்களில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயும் கலந்திருந்தது! தட்டுகள் வெடுக்கென்று கடிக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது. அந்த நடுநிலை திமிங்கில எண்ணெயில் கிடைத்தது. 1970-ல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் நிலையிலுள்ள விலங்குகளின் பட்டியலில் சேர்த்தது, மாற்று தேடவேண்டி வந்தது. அப்படி வந்த டெக்ஸ்ரான்-2 முதலில் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரின் பற்றவைப்பை அரித்துத் தொலைத்தது. பிறகு திருத்தினார்கள்.

அன்றைய ஃபோர்டு கியர்பாக்ஸ்கள் பலவற்றுக்கு 'டைப் எஃப்' என்ற வேறு எண்ணெய். இரண்டும் சிவப்புதான். சிவப்பைப் பார்த்து எதையாவது ஊற்றினால் கதை கந்தல்.

சரி, எப்படிப் பார்ப்பது? கடன் கேட்டு வருபவரிடம் முதலில் ஸ்டேட்மென்ட் கேட்போம் அல்லவா, இங்கே டிப்ஸ்டிக். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நன்றாகச் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஜி.எம். வண்டியில் பார்க், பழைய கிரைஸ்லரில் நியூட்ரல். எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், வண்டி வழுக்கும். அதிகமாக ஊற்றினாலும் நுரைத்து வழுக்கும். பழுப்பேறித் தீய்ந்த நாற்றம் அடித்தால் தட்டுகள் கருகியிருக்கின்றன. எல்லாக் கியரிலும் வழுக்கினால் எண்ணெய், ஃபில்டர், பம்ப் பக்கம் சந்தேகம். ஒரே கியரில் என்றால் அந்தக் கியரைப் பிடிக்கும் தட்டு.

1969-ல் வந்த டர்போ ஹைட்ராமாட்டிக் 350-ல் ஒரு வேடிக்கையான வியாதி உண்டு. எண்ணெய் குறையும், தரையில் சொட்டு விழாது. எஞ்சினிலிருந்து வரும் வேக்குவம் ஹோஸ் ஒன்று மாடுலேட்டர் என்ற சின்ன டப்பாவில் சேர்கிறது. அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடும். சைலன்சரில் வெள்ளைப் புகை. ஹோஸைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே சிவப்பு எண்ணெய் இருந்தால் திருடன் அகப்பட்டான்.

1982-ல் வந்த 700ஆர்4-ல் அந்த டப்பா இல்லை. கார்புரேட்டரிலிருந்து வரும் கேபிள் ஒன்றுதான் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். கேபிள் தளர்ந்தால் அழுத்தம் குறையும், மூன்றாவது நான்காவது கியர்களின் தட்டுகள் வழுக்கிக் கருகும். டெக்ஸாஸில் மரப் பட்டறை வைத்திருக்கும் என் அக்கா மகனுக்கு இதுதான் நேர்ந்தது. சாமான் ஏற்ற அவனுக்கு இருப்பது ஒரு 1986 செவ்ரோலே பிக்கப் மட்டுமே. "மாமா, கியர்பாக்ஸையே மாத்தணும்ங்கறாங்க. லோன் போடலாமா?" என்றான். "லோன் இருக்கட்டும்டா, அது ஏன் போச்சுன்னு கேட்டியா?" என்றேன். கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. கார்புரேட்டர் பக்கம் பார்க்கச் சொன்னேன். முன்பு வண்டியை வைத்திருந்தவர் வேறு கார்புரேட்டர் போட்டிருந்தார். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் கேபிள் பாதிதான் இழுபட்டது. எண்ணெயில் தீய்ந்த நாற்றம். தட்டுகள் ஏற்கெனவே போய்விட்டன, ரிப்பேருக்குக் கடன் வாங்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் கேபிளை அப்படியே விட்டுப் புது கியர்பாக்ஸ் மாட்டியிருந்தால், தவணை முடிவதற்குள் அதுவும் கருகியிருக்கும். சரியான பிராக்கெட் வாங்கிப் போட்டு, பிரஷர் கேஜ் வைத்து அளந்த பிறகே வண்டியை எடுத்தான்.

1993-ல் அதன் வாரிசான 4எல்60-இ பிக்கப்களுக்கு வந்ததும் கேபிள் போனது, அழுத்தத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. அதில் டிப்ஸ்டிக்குக்கு அடுத்தபடி ஸ்கேனர் மாட்டிக் கோளாறு எண்ணைப் படிக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் வீட்டு ஏ.எம்.டி. காரில் டிப்ஸ்டிக்கைத் தேடாதீர்கள். 2014-ல் செலேரியோவில் வந்ததே, அது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் எந்திரம் செய்கிறது. அது வழுக்கினால் பழையபடி கிளட்ச் பிளேட்டைத்தான் பார்க்க வேண்டும்.