கோல லங்காட்டின் தமிழ்த் திரை

மலேசியாவில் 1963 டிசம்பர் 28இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. பின்னர் ஆர்.டி.எம். எனப்பட்ட அந்த அரசு நிலையத்தில் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டதால், கோல லங்காட்டின் ஜெஞ்சாரோமைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களின் தமிழர்கள் தம் மொழியைத் திரையில் கேட்க நிலையம் குறித்த வேளைக்கே காத்திருக்க வேண்டியிருந்தது. அட்டவணையின் பிடியை முதலில் தளர்த்தியது இணையமன்று, 1980களில் பரவிய வீடியோ கேசட்டே என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

1996இல் மீசாட் செயற்கைக்கோள் வழியே ஆஸ்ட்ரோ கட்டணச் சேவை தொடங்கி, வானவில் என்னும் தமிழ் அலைவரிசையைத் தந்தபோது பற்றாக்குறை நீங்கியது. ஆனால், அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிவிடுவதால் கனமழையில் படம் மறைந்தது, நிகழ்ச்சி நேரமும் நிலையத்தின் கையிலேயே இருந்தது. கேட்கும் வேளையில் காட்சியை இணையவழி அனுப்பும் முறை, அதாவது விருப்பநேரக் காட்சி, 2012இல் ஆஸ்ட்ரோவின் கைப்பேசிச் செயலியாலும் 2016 ஜனவரியில் வந்த நெட்ஃபிலிக்ஸாலும் வேரூன்றியது. தமிழ்நாட்டுப் படங்கள் எளிதில் கிட்டும் இச்சூழலில் மலேசியத் தமிழ்ப் படைப்பாளிகள் அவற்றோடு நேருக்குநேர் போட்டியிட வேண்டியிருப்பதே இம்மாற்றத்தின் மிகக் கடுமையான விளைவு.