‘அனைவருக்கும்’ என்ற சொல்லின் எல்லை: ஹாலோவீன் சிக்கலின் வரலாறு

ஆண்டுக்கு 25,000 டாலருக்குக் குறைவாக ஊதியம் பெறுவோர் அனைவருக்கும் 10 விழுக்காடு உயர்வு அளிக்க வேண்டும். இக்கட்டளையைக் கணக்கர் ஒருவரிடம் சொன்னால் அவர் விளக்கம் கேட்கமாட்டார். பேரேட்டைத் திறந்து, உரியவர்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒருமுறை உயர்வைச் சேர்த்து, பேரேட்டை மூடிவைப்பார். 1970களின் நடுவில், கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில், இதே கட்டளை ஒரு சோதனைத் தரவுத்தளத்துக்கு இடப்பட்டது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. கட்டளை ஒழுங்காக ஓடி முடிந்தது. முடிந்தபின் பார்த்தால், அட்டவணையில் 25,000 டாலருக்குக் குறைவாக ஊதியம் பெறுபவர் ஒருவர்கூட இல்லை.

நிகழ்ந்ததை எடுத்துக்காட்டு எண்களைக் கொண்டு விளக்கலாம். 24,000 டாலர் பெற்றவர் 26,400 டாலரை அடைகிறார். அது அவருக்கு உரியதே. 20,000 டாலர் பெற்றவரின் ஊதியம் முதலில் 22,000 ஆகிறது. அது இன்னும் 25,000க்குக் குறைவு என்பதால் மீண்டும் உயர்வு, 24,200. மறுபடியும் உயர்வு, 26,620. தம்மைவிட 4,000 டாலர் மிகுதியாகப் பெற்றுவந்தவரை அவர் தாண்டிவிடுகிறார். 10,000 டாலர் பெற்ற கடைநிலை ஊழியருக்கோ பத்துமுறை உயர்வு கிடைத்து, ஊதியம் 25,937 டாலர் ஆகிறது. அந்த ஊழியரின் பக்கம் நின்று பார்ப்பவர்க்கு இதைப் பிழையென்று சொல்ல மனம் வராமல் போகலாம். எனினும் கட்டளை சொன்னது அதுவன்று.

நிரலில் எங்கோ நேர்ந்த சிறு தவறு என்று ஒதுக்கிவிடக்கூடிய இந்நிகழ்வு அக்கூடத்தினரைக் கலங்கவைத்ததற்குக் காரணம் உண்டு. அதை அறிய, பதிவுகளைத் திருத்தும் முறை அதுவரை எவ்வாறு இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

தொடக்கக் காலக் கணினிகளில் ஊதியப் பட்டியல் காந்த நாடாவில் இருந்தது. நாடாவின் நடுவே ஒரு பதிவை மட்டும் அழித்து எழுதுவது நடைமுறைக்கு ஒவ்வாதது. எனவே பழைய மூலநாடா ஒருபுறம், மாற்றங்கள் அடங்கிய நாடா மறுபுறம் என இரண்டையும் வரிசைமுறையில் ஒத்துப் படித்து, மூன்றாவதாக ஒரு புதிய மூலநாடாவை எழுதுவர். பழையது அப்படியே இருக்கும். தாத்தா, தந்தை, மகன் என்று மூன்று தலைமுறை நாடாக்களைப் பேணுவது அந்நாளைய வழக்கம். இம்முறை மெதுவானது, ஆனால் படிக்கப்படும் நாடாவும் எழுதப்படும் நாடாவும் வெவ்வேறாக இருந்ததால், ஒரே ஊழியருக்கு இருமுறை உயர்வு போய்ச்சேர அதில் வழியே இல்லை.

வட்டுகள் வந்தபின் பதிவு இருந்த இடத்திலேயே அதைத் திருத்த முடிந்தது. ஐபிஎம்மின் ஐஎம்எஸ் போன்ற அமைப்புகளில் நிரலர் ஒரு பதிவை எடுப்பார், திருத்துவார், திரும்ப வைப்பார், அடுத்ததற்குச் செல்வார். எந்தப் பதிவிலிருந்து எதற்குச் செல்வது, எந்த வழியில் செல்வது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. 1973இல் டூரிங் விருது பெற்ற சார்லஸ் பாக்மன் தம் ஏற்புரையில் நிரலரை ஒரு மாலுமியாகவே உருவகித்தார். பாக்மனுக்கு அது பெருமிதத்திற்குரிய உருவகம். மறுதரப்பினர்க்கு அதுவே குற்றச்சாட்டாக அமைந்தது.

மறுதரப்பின் தலைவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் கணிதம் பயின்று, ஐபிஎம்மில் பணிபுரிந்த அவர் 1970இல் வெளியிட்ட கட்டுரை, தரவை உறவுகளாக, அதாவது கணங்களாகக் காணச் சொன்னது. பயன்படுத்துவோர் தமக்கு வேண்டியது எது என்று கூறினால் போதும். அது வட்டில் எங்கே உள்ளது, எந்த வழியாக அதை அடைவது என்பது அவர் கவலையாகக் கூடாது. தரவின் உட்சேமிப்பு முறை மாறினாலும் விடை மாறக்கூடாது. காட் அளித்த அடிப்படை வாக்குறுதி இதுவே.

அவ்வாக்குறுதிக்கு ஒரு மொழி தேவைப்பட்டது. காட் பயன்படுத்திய தருக்கக் குறியீடுகள் சாதாரண அலுவலர்களுக்கு எட்டாதவை. டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் ‘சீக்வெல்’ என்ற மொழியை முன்வைத்தனர். பெயரின் விரிவே அது கட்டமைக்கப்பட்ட ஆங்கிலம் என்று அறிவித்தது. பாய்ஸ் அவ்வாண்டிலேயே, இளம் வயதில், மூளை இரத்தநாள வீக்கத்தால் இறந்தார். வணிகப்பெயர் உரிமை தொடர்பான இடரால் சீக்வெல் பின்னர் எஸ்க்யூஎல் ஆயிற்று. 1974ஆம் ஆண்டுக் கட்டுரை பெரும்பாலும் கேள்வி கேட்பதைப் பற்றியது. சேர்த்தல், நீக்கல், திருத்தல் ஆகியவற்றையும் ஒரே மொழிக்குள் கொண்டுவந்த விரிவான வடிவம் 1976இல் வெளியானது. ஒரு கணத்தை வருணித்து, அக்கணம் முழுவதையும் ஒரே வாக்கியத்தால் மாற்றும் ‘அப்டேட்’ கட்டளை அதில் நிலைபெற்றது.

கேள்வி கேட்பதற்கும் திருத்துவதற்கும் இடையே ஆழ்ந்த வேறுபாடு ஒன்று உண்டு. கேள்வி, தான் காணும் உலகை மாற்றுவதில்லை. ஆகவே எந்த வழியில் தேடினாலும் விடை ஒன்றே. திருத்தமோ, எந்த உலகைப் பார்த்து உரியவர்களைத் தேர்கிறதோ அதே உலகை மாற்றிக்கொண்டே நடக்கிறது.

சான் ஹொசேயில் காட்டின் கொள்கையை இயங்கும் அமைப்பாக ஆக்கிக்காட்ட உருவான ‘சிஸ்டம் ஆர்’ திட்டத்தில் வழி தேரும் பொறுப்பு உகப்பாக்கி என்னும் உறுப்பிடம் இருந்தது. அதை வடிவமைத்தோருள் முதன்மையானவர் பாட்ரிஷியா செலிஞ்சர். ஊதியக் கட்டளையைப் பெறும் உகப்பாக்கி, ஊதியத்தின்மேல் ஓர் அடைவு இருப்பதைக் காண்கிறது. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவு போன்றதே இதுவும். ஊதியங்கள் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே உரியவரின் பதிவு சுட்டப்பட்டிருக்கும். குறைந்த ஊதியத்தில் தொடங்கி 25,000 வரும்வரை அடைவின்மேல் நடந்தால் உரியவர்கள் அனைவரும் கிடைத்துவிடுவர். தேடலுக்கு இதைவிடச் சிறந்த வழியில்லை. ஆனால் ஒருவரின் ஊதியத்தை உயர்த்தியவுடன் அடைவில் அவர் இடமும் முன்னே நகர்கிறது. நடப்பவர் முன்செல்ல, உயர்வு பெற்றவர் அவருக்கும் முன்னே போய் நிற்கிறார், மீண்டும் எதிர்ப்படுகிறார், மீண்டும் உயர்வு பெறுகிறார். 25,000ஐக் கடந்தால்தான் இச்சுழலிலிருந்து அவருக்கு விடுதலை. பணியாளர் எண்ணின்மேல் உள்ள அடைவின் வழியே சென்றிருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும்.

கலக்கத்தின் காரணம் இங்கேதான் உள்ளது. ஓர் அடைவை உருவாக்குவதோ நீக்குவதோ விரைவைப் பற்றிய முடிவாக மட்டுமே இருக்க வேண்டும். இங்கோ அடைவு இருந்தால் ஒரு விடை, இல்லையெனில் வேறு விடை. அதாவது, வாக்கியத்தின் பொருளை வட்டின் உள்ளமைப்பு தீர்மானிக்கிறது. மாலுமி தேவையில்லை என்று சொல்லிப் புறப்பட்ட கப்பல் இது.

செலிஞ்சரும் மார்ட்டன் ஆஸ்ட்ரஹனும் இதைக் கண்டறிந்து தம் அறைக்கு வந்து சொன்னதாகச் சேம்பர்லின் 1995இல் நடந்த எஸ்க்யூஎல் முன்னோடிகளின் மறுகூடலில் நினைவுகூர்ந்தார். அன்று ஹாலோவீன் நாள், வெள்ளிக்கிழமை. மாலைக்குள் தீர்க்க இயலாது, இப்போதைக்குப் பெயர் வைத்துவிட்டு அடுத்த வாரம் பார்க்கலாம் என்று முடிவாயிற்றாம். பெயருக்கும் பேய்க்கும் தொடர்பில்லை. ஆண்டு 1976 என்று பரவலாக எழுதப்படுகிறது. அவ்வாண்டு அக்டோபர் 31 ஞாயிற்றுக்கிழமை என்பதையும் நாள்காட்டியைப் பார்ப்போர் கவனிக்கலாம். பண்டிகையை ஒட்டிய வெள்ளி என்று கொண்டால் இடர்ப்பாடு நீங்கும். அதே 1976இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ‘இன்கிரெஸ்’ குழு வெளியிட்ட வடிவமைப்புக் கட்டுரையிலும் இதே வகைச் சிக்கல் பேசப்படுகிறது. திருத்தங்களை உடனே செய்யாமல் தனிக்கோப்பில் எழுதிவைத்து, வாக்கியம் முழுவதும் ஆராயப்பட்ட பின்னரே நடைமுறைப்படுத்துவது அவர்களது தீர்வு.

மொழியியலாளர்க்கு இதில் ஆர்வம் தரும் கேள்வி, கணினி அந்த வாக்கியத்தைத் தவறாகப் படித்தது என்று எதைக் கொண்டு சொல்கிறோம் என்பது. ‘பெறுவோர்’ என்னும் வினையாலணையும் பெயர் எக்கணத்துப் பெறுதலைச் சுட்டுகிறது? கட்டளை பிறந்த கணத்தையா, நிறைவேறும் ஒவ்வொரு கணத்தையுமா? சொல்வடிவம் இதற்கு விடை தருவதில்லை. 22,000 ஆக உயர்ந்தவரும் 25,000க்குக் குறைவாகப் ‘பெறுவோர்’ தாம். ‘எட்டும்வரை உயர்த்துக’ என்றால் மீள்செயல் வெளிப்படை. ‘குறைவாகப் பெறுவோர்க்கு உயர்த்துக’ என்னும்போது கேட்பவர் தாமாகவே கணத்தை முதலில் வரையறுத்துக்கொள்கிறார். அந்த வரையறுத்தல் வாக்கியத்தில் எழுதப்படவில்லை. சொல்லாமலே விளங்கியதைக் கணினிக்காகச் சொல்லவேண்டி வந்தது.

ஒலியனியல் இதே இடத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்னரே கடந்திருந்தது. நோம் சோம்ஸ்கியும் மாரிஸ் ஹாலேயும் 1968இல் வெளியிட்ட ஆங்கில ஒலியமைப்பு பற்றிய நூல், ஒரு விதியைச் செயல்படுத்தும் முறையை இரண்டு கட்டமாக வகுத்தது. முதலில் ஒலித்தொடர் முழுவதையும் நோக்கி, விதியின் சூழலுக்குப் பொருந்தும் ஒலிகள் அனைத்தையும் அடையாளம் காண்க. பின்னர் மாற்றத்தை ஒருசேர நிகழ்த்துக. இன்கிரெஸின் தீர்வோடு இது ஏறத்தாழ ஒன்றுபடுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒலியனியலில் இக்கருத்து நிலைக்கவில்லை. துருக்கி மொழியில் ஒரு விகுதியின் உயிர் தனக்கு முந்தைய உயிரோடு இயைகிறது. அந்த உயிரும் அதற்கு முந்தையதோடு இயைந்து உருவானதே. ஒரு மாற்றத்தின் விளைவு அடுத்த மாற்றத்திற்குச் சூழலாகும் இத்தகைய தொடர்களை ஒரே நோக்கில் பட்டியலிட்டு முடிப்பது எளிதன்று. 1970களின் ஒலியனியல் விவாதங்களில் பெரும்பகுதி இதைப் பற்றியதே. மனித மொழி இரு முறைகளுக்கும் இடமளிக்கிறது. தரவுத்தள மொழி ஒன்றை மட்டுமே ஏற்றது.

பாணினியின் அஷ்டாத்யாயியையும் இங்கே நினைக்கலாம். எட்டாம் அத்தியாயத்தின் இரண்டாம் பாதம் தொடங்கி நூலின் இறுதிவரை உள்ள விதிகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அப்பகுதியில் ஒரு விதி விளைவித்த மாற்றம், அதற்கு முந்தைய விதிகளைப் பொறுத்தவரை நிகழாததாகவே கருதப்படும். மாற்றம் உண்டு, ஆனால் அவற்றின் கண்ணுக்குப் படாது. இதற்கு அசித்தம் என்று பெயர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இன்று ஊதியக் கட்டளையை நிறைவேற்றும் விதத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. அது பழைய பதிவை அழிப்பதில்லை. புதிய வடிவம் ஒன்றை அருகே எழுதுகிறது. எந்தக் கட்டளை அப்புதிய வடிவத்தை உண்டாக்கியதோ, அதே கட்டளைக்கு அது தென்படாது. பழைய நாடா, புதிய நாடா என்ற பிரிவினை வேறு உருவில் திரும்பியிருக்கிறது.

சிக்கல் எங்கும் ஒரே சீராகத் தீர்ந்துவிடவில்லை. ஓர் அட்டவணையின் இரண்டு நெடுவரிசைகளை ஒரே கட்டளையில் இடம்மாற்ற முயன்றால், எஸ்க்யூஎல் தரநிலைப்படி இரண்டும் பழைய மதிப்புகளையே பார்க்கும், இடமாற்றம் நிகழும். மைஎஸ்க்யூஎல் ஒதுக்கீடுகளை இடமிருந்து வலமாகச் செய்வதால் இரண்டு நெடுவரிசைகளிலும் ஒரே மதிப்பு வந்து நிற்கும். அதன் கையேடே இவ்வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறது. வரிசை எண்கள் அனைத்தையும் ஒன்று கூட்டும் கட்டளையைப் போஸ்ட்கிரெஸ் சில வேளைகளில் மறுத்துவிடும். 1 என்பது 2 ஆகும் கணத்தில் பழைய 2 இன்னும் அங்கே இருப்பதே காரணம். எண் தனித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தரநிலை வாக்கியத்தின் முடிவில் சோதிக்கச் சொல்கிறது. போஸ்ட்கிரெஸ், வேறுவிதமாகக் கேட்டுக்கொள்ளப்பட்டாலன்றி, ஒவ்வொரு வரியிலும் சோதிக்கிறது.

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் இச்சிக்கலைத் தவிர்க்க வேண்டியிருக்கும்போது, தன் செயல்திட்டத்தில் ‘ஈகர் ஸ்பூல்’ என்ற உறுப்பை இடையே செருகுகிறது. உரிய பதிவுகள் அனைத்தும் முதலில் ஒரு தற்காலிக அட்டவணையில் சேர்க்கப்பட்டு, சேர்த்து முடித்தபின்னரே திருத்தம் தொடங்கும். திட்டத்தைப் படித்துப் பார்க்கும் பொறியாளர்கள் சிலர் அதை வீண்செலவென்று எண்ணி நீக்க வழி தேடுவதுண்டு. பேரேட்டைத் திறந்த கணக்கர் முதல் உயர்வை எழுதுமுன் தனித்தாளில் குறித்துக்கொண்ட பெயர்ப்பட்டியல் அது.