செவியால் ஓட்டிய வண்டி

பகாங் மாநிலத்தில், 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் சென்று கண்ட மலைநிலம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கு 1929இல் ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயர் ‘போ’ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். தமிழ்த் தொழிலாளர் கொய்த கொழுந்து, கெடுமுன் ஆலையை அடைதல் வேண்டும். மழையில் வழுக்கும் மண்பாதைகளுக்கு, 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவர் ஏற்ற வண்டியாயிற்று.

அதன் தொடக்க கால வகைகளில், இறக்கத்தில் கியரைக் குறைப்பது எளிதன்று. கிளட்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சின் வேகத்தைச் சற்றே உயர்த்த வேண்டும். அவ்வேகத்தை அறிவதற்குச் செவியே துணை. பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறித் தளரும். ஆதலின் தாழ்ந்த கியரில் எஞ்சினைக் கொண்டே வண்டியை அடக்கினர். பாதையின் இயல்பை ஸ்டீயரிங்கின் அதிர்வு கைக்கு உணர்த்தியது.

இன்றைய வண்டிகள் பலவற்றில் மின்னணுக் கருவிகளே இறக்கத்தில் வேகத்தைக் காக்கின்றன. விபத்துக்கு இடம் குறைகிறது. அதனைக் குறைகூறுதல் தகாது. ஆயினும், ஓட்டுநரிடமிருந்த கவனம் கருவிக்கு மாறியபின், அக்கவனம் வளர்த்த திறன் மெல்ல மறைகிறது.

தோட்டம் கண்டவரின் பெயர் ஏட்டில் நிலைத்துவிட்டது. கொழுந்தைப் பழுதின்றி இறக்கியவரின் திறனோ முதியோர் நினைவில் மட்டுமே வாழ்கிறது. பழைய வண்டியைப் போற்றுவோர் அந்நினைவையும் எழுதிவைத்தல் வேண்டும். அதுவும் நம் வரலாறன்றோ!