செஞ்சியின் குதிரையும் கிட்டாரின் குதிரையும்

செஞ்சி என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்து நிற்கும் கோட்டை. மற்றொன்று, தேசிங்கு ராசனின் குதிரை. 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு சாததுல்லா கானின் படையோடு மோதி இளம் வயதிலேயே மாண்ட அவ்வீரனை நாட்டுப்பாடல்கள் இன்றளவும் மறக்கவில்லை. எவருக்கும் அடங்காத குதிரையை அவன் அடக்கிய கதைதான் அப்பாடல்களின் உயிர்நாடி.

இக்கட்டுரை வேறொரு குதிரையைப் பற்றியது. வீணையின் குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு பலகைக்கும் குதிரை என்றே பெயர். தந்தியின் அதிர்வை முதுகில் சுமந்து குடத்துக்குள் இறக்குவது அதன் வேலை. வீணையில் இக்குதிரை அசையாது. ஆனால் மின்கிட்டாரில் ஆடும் குதிரை ஒன்று உண்டு. ஒரு கைப்பிடியை அழுத்தினால் குதிரை சாயும். ஆறு தந்திகளும் தளரும். ஒலி கீழே இறங்கும். பிடியை விட்டால் பழைய இடத்துக்கே திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் சுருதி கெடும். ஆடவும் வேண்டும், தடம் மாறாமல் திரும்பவும் வேண்டும் என்னும் இச்சிக்கலைத் தீர்க்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றையும், அத்தகைய குதிரை தேய்ந்துபோனால் வேறொன்றைத் தேர்ந்து பொருத்தும் முறையையும் இங்குக் காண்போம்.

செஞ்சியின் சம்பந்தியும் வீணையும்

முதலில் நம் நாட்டுக் கதை. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சியை ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். விசயநகரப் பேரரசர் வேங்கடபதி ராயரின் சினத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்ட இவரைத் தஞ்சை இளவரசர் இரகுநாத நாயக்கர் பரிந்து பேசி மீட்டார் என்றும், நன்றிக்கடனாகத் தம் மகளை அவருக்கு இவர் மணமுடித்துக் கொடுத்தார் என்றும் தஞ்சை அரசவைக் காவியங்கள் கூறுகின்றன. அந்த இரகுநாதரே 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்டு, வீணை வரலாற்றில் அழியாப் பெயர் பெற்றவர்.

அக்காலத்தில் இருவகை வீணைகள் வழக்கில் இருந்தன. ஒன்றில் இராகத்துக்கு ஏற்ப மெட்டுகளை இடம் மாற்றி வைக்கவேண்டும். இது ஏகராக மேள வீணை. மற்றொன்றில் மெட்டுகள் நிலையாக நிற்கும்; எந்த இராகத்தையும் வாசிக்கலாம். இது சர்வராக மேள வீணை. இரகுநாதரின் அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி, தம் ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’ என்னும் நூலில் இவற்றை விளக்குகிறார். இரகுநாதரின் பெயரைத் தாங்கிய வீணை வகை ஒன்றும் அந்நூலில் இடம் பெறுகிறது. இன்று நாம் காணும் தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் மெழுகில் அசையாமல் பதிக்கப்பட்டுள்ளன. தஞ்சை வீணைக்குப் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாமரம் பெயர் பெற்றது. செஞ்சியும் பண்ணுருட்டியும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவையே.

மெட்டுகளை நிலையாக நிறுத்திவிட்டால், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை எப்படி வாசிப்பது? நம் வைணிகர்கள் மெட்டின் மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கின்றனர். இழுத்தால் தந்தியின் இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. விட்டால் இறங்கிவிடுகிறது. ஆயினும் இம்முறையில் சுருதியை மெட்டின் நிலைக்கு மேலே ஏற்ற முடியுமேயன்றிக் கீழே இறக்க முடியாது.

கணக்கு என்ன சொல்கிறது?

இழுவிசைக்கும் சுருதிக்கும் உள்ள உறவைப் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இல் வெளியிட்டார். தந்தியின் நீளமும் கனமும் மாறாதிருக்கும்போது, அதன் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஓர் அரைச்சுரம் ஏற அதிர்வெண் சுமார் 6 விழுக்காடு உயரவேண்டும். அதற்கு இழுவிசை சுமார் 12 விழுக்காடு கூடவேண்டும்.

இதனைக் கிட்டாருக்குப் பொருத்திப் பார்ப்போம். மின்கிட்டாரின் மிக மெல்லிய தந்தி 0.23 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பி. அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். நொடிக்கு 330 முறை அதிரச் சுருதி சேர்த்தால் அதன் இழுவிசை ஏறக்குறைய 6 கிலோகிராம் எடைக்குச் சமம். அந்த இழுப்பில் கம்பி சுமார் 4.5 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். அரைச்சுர வேறுபாட்டுக்கு அதில் 12 விழுக்காடு, அதாவது அரை மில்லிமீட்டரே போதும். அப்படியானால் தந்தி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நழுவினாலும், அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு சுருதி பிசகும். பழகிய காது இதனை உடனே கண்டுகொள்ளும்.

ஒரு தாளின் கனத்தைவிடக் குறைந்த இந்த நழுவல் எங்கே நிகழ்கிறது? கழுத்தின் தலைப்பில் தந்திகள் தாண்டிச் செல்லும் சிறு கட்டையில்தான் பெரும்பாலும் நிகழ்கிறது. வீணையில் இதனை மேரு என்பர். கிட்டார்க்காரர்கள் ‘நட்’ என்பர். குதிரை சாயும்போது தந்தி இக்கட்டையின் பள்ளத்தில் வழுக்குகிறது. திரும்பும்போது உராய்வால் முழுதும் திரும்பாமல் சிக்கிக்கொள்கிறது. முறுக்காணியில் சுற்றிய சுற்றுகளும் இறுகித் தளர்ந்து தம் பங்குக்குக் கெடுக்கின்றன.

ஆடும் குதிரையின் வரலாறு

1930-களில் அமெரிக்காவில் டாக் காஃப்மன் என்பவர் அமைத்த ‘வைப்ரோலா’ என்னும் கருவி ரிக்கன்பேக்கர் கிட்டார்களில் இடம் பெற்றது. அது சுருதியில் நிற்கவில்லை. தம் கிட்டாரில் இருந்த அக்கருவியைச் சரிசெய்து தரும்படி மெர்ல் டிராவிஸ் என்னும் இசைக்கலைஞர் பால் பிக்ஸ்பி என்பவரிடம் கேட்டார். மோட்டார் சைக்கிள் தொழில்நுட்பத்தில் தேர்ந்த பிக்ஸ்பி, பழையதைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிதாக ஒன்றைச் செய்வதே மேல் என்று கருதிச் செய்தும் முடித்தார். மெல்லிய அசைவுக்கு அது ஏற்றது. பெரிய சாய்வுக்கு ஏற்றதன்று.

1954-இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ கிட்டாரை வெளியிட்டது. இதில் குதிரை ஆறு திருகாணிகளின் மேல் கத்திமுனை போல் தங்கிச் சாயும். முன்புறம் தந்திகள் இழுக்க, பின்புறக் குழியில் உள்ள சுருள்வில்கள் எதிர்த்து இழுக்கும். இரண்டும் சமமாக உள்ளவரை குதிரை நிற்கும். ஏற்றம், இறக்கம் இரண்டும் இதில் கைகூடின. ஃபெண்டர் இதற்கு ‘டிரெமலோ’ என்று பெயரிட்டார். உண்மையில் டிரெமலோ என்பது உரப்பின் ஏற்றத்தாழ்வு. சுருதியின் அசைவுக்குப் பெயர் ‘வைப்ராட்டோ’. எனினும் தவறான பெயரே நிலைத்துவிட்டது.

1960-களின் இறுதியில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போன்றோர் இக்கைப்பிடியை முழு ஆழத்துக்கு அழுத்தி வாசித்தனர். பாட்டின் நடுவிலேயே சுருதி சேர்த்துக்கொள்ளவும் நேர்ந்தது. அவ்விசையில் ஈடுபட்ட ஃபிளாய்ட் ரோஸ் என்பவர் நகைத்தொழில் அறிந்தவர். தாமும் கிட்டார் வாசித்தவர். நழுவும் இடத்திலேயே தந்தியைப் பூட்டிவிட்டால் என்ன என்பதே 1976-இல் அவருக்குத் தோன்றிய எண்ணம். நகைவேலைக் கருவிகளைக் கொண்டே முதல் பூட்டுகளைச் செய்தார். பித்தளை தேய்ந்துபோகவே, கடினமாக்கிய எஃகுக்கு மாறினார். தந்தி மேருவில் ஒரு பூட்டாலும் குதிரையில் ஒரு பூட்டாலும் இறுகியது. ஆறு திருகாணிகளுக்குப் பதில் இரண்டு தூண்களின் மேல் கத்திமுனைகள் தங்கின. 1979-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1980-களில் எடி வான் ஹேலன் முதலியோர் இதனை உலகறியச் செய்தனர்.

பூட்டினால் ஒரு புதிய இடையூறு எழுந்தது. மேருவில் பூட்டியபின் முறுக்காணியைத் திருகிப் பயனில்லை. சிறிய பிசகைச் சரிசெய்யவும் பூட்டைத் திறக்கவேண்டும். எனவே குதிரையின் பின்முனையில் நுண்சுருதித் திருகுகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. இதே ஏற்பாட்டை வீணையில் நாம் காணலாம். நாகபாசத்தோடு தந்தியை இணைக்கும் லங்கர் என்னும் கம்பியில் சிறு வளையங்கள் உண்டு. பிரடையைத் தொடாமலே வளையத்தை நகர்த்திச் சுருதியை நுட்பமாகச் சேர்க்கலாம். தந்தியின் தலைமாட்டில் பெருந்திருத்தம், கால்மாட்டில் நுண்திருத்தம் என்னும் அதே முறைக்கு மின்கிட்டாரும் தஞ்சை வீணையும் தனித்தனியே வந்து சேர்ந்திருக்கின்றன.

தேர்ந்தெடுக்கும்போது

பூட்டுக் குதிரையின் உயிர் அதன் கத்திமுனை. மலிவான கலவை உலோகத்தில் வார்த்தவை விரைவில் மழுங்கும். மழுங்கிய முனை தூணின் மேல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் தங்கும். பிறகு எத்தனைப் பூட்டு இருந்தும் பயனில்லை. புதியது வாங்குவோர் முதலில் கடினமாக்கிய எஃகா என்று பார்க்கவேண்டும்.

அடுத்தது அளவு. இரு தூண்களுக்கும் இடையிலுள்ள தொலைவை நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கவேண்டும். ஃபிளாய்ட் ரோஸ் மூல வடிவில் இது ஏறக்குறைய 74 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் தூணைப் பிடுங்கி மரத்தில் வேறு துளை இடவேண்டி வரும். பழைய துளையை அடைத்துப் புதிது இட்ட மரம் முன்போல் உறுதியாய் நிற்பது அரிது. மேருவின் அகலமும் பலவகை. 41.3, 42.8 மில்லிமீட்டர் ஆகிய இரண்டும் மிகுதியாக வழங்குபவை. குதிரையின் அடியில் தொங்கும் உலோகக் கட்டை 32, 37, 42 மில்லிமீட்டர் உயரங்களில் கிடைக்கிறது. கிட்டாரின் உடல் மெல்லியதாயின் நீண்ட கட்டை பின்புறம் துருத்தி நிற்கும். பெயர் ஒன்றாயிருப்பதால் அளவும் ஒன்றாயிருக்கும் என்று எண்ணி வாங்கிப் பின் மரத்தைச் செதுக்குவதே இவ்வேலையில் நேரும் பெரிய இழப்பு. குதிரையை மாற்றலாம், செதுக்கிய மரத்தை மீட்க முடியாது.

பொருத்தும்போது

மெல்லிய தந்தித் தொகுதி ஒன்றில் ஆறு தந்திகளின் மொத்த இழுவிசை சுமார் 38 கிலோகிராம் எடைக்குச் சமம். இதனை அறியாமல் திருகுகளை அவிழ்ப்பது ஆபத்து. முதலில் மேருவின் பூட்டுகளைத் திறக்கவேண்டும். குதிரைக்கும் உடலுக்கும் இடையே துணி சுற்றிய மரத்துண்டு ஒன்றை வைத்துவிட்டுத் தந்திகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தவேண்டும். பின்புறச் சுருள்வில்களை விடுவித்தால் பழைய குதிரை கையோடு வரும்.

புதியதைத் தூண்களில் அமர்த்திச் சுருள்வில்களை மாட்டியபின் தந்திகளைக் கட்டலாம். மூல வடிவில் தந்தியின் நுனியிலுள்ள குண்டை வெட்டிவிட்டே குதிரையில் பூட்டவேண்டும். தூண்களின் உயரத்தைத் தந்தி தளர்ந்திருக்கும்போதே சரிசெய்ய வேண்டும். முழு இழுப்பில் தூணைத் திருகினால் கத்திமுனை அரைபட்டுப் போகும்.

இனிச் சுருதி சேர்த்தல். இங்கேதான் புதியவர்கள் மனம் தளர்கின்றனர். ஒரு தந்தியை முறுக்கினால் குதிரை சிறிது முன்சாய்கிறது. மற்ற ஐந்தும் தளர்கின்றன. அவற்றை ஏற்றினால் முதலாவது இறங்குகிறது. பல தட்டுகள் கொண்ட தராசு போன்றது இது. நான்கைந்து சுற்று பொறுமையாகச் சுருதி சேர்த்து, குதிரையின் தகடு உடலுக்கு இணையாக நிற்கும்வரை பின்புறத் திருகாணிகளால் சுருள்வில்லின் இழுப்பைக் கூட்டியோ குறைத்தோ வரவேண்டும். தந்திகளைக் கையால் சிலமுறை இழுத்துப் பழக்கியபின், நுண்சுருதித் திருகுகளை நடுவில் நிறுத்தி, கடைசியாக மேருவைப் பூட்டவேண்டும். பூட்டுத் திருகுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் புரி கெட்டுவிடும். பின்னாளில் சற்றுத் தடித்த தந்தித் தொகுதிக்கு மாறினால் மொத்த இழுவிசை 47 கிலோகிராம் அளவுக்கு உயரும். சுருள்வில் வேலையை மறுபடியும் செய்யவேண்டும்.

எல்லோருக்கும் வேண்டியதா?

ஆடும் குதிரையில் ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் உடனே சுருதி விலகும். அசையாக் குதிரையில் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. மின்கிட்டாரில் கருநாடக இசையை வாசித்த சுகுமார் பிரசாத், பிரசன்னா போன்றோரும், மின்மாண்டலினில் வாசித்த உ. சீனிவாஸும் வைணிகரின் வழியிலேயே விரலால் கமகங்களைக் காட்டினர். ஆதலால் ஒருவர் தம் இசைக்கு இக்குதிரை தேவையா என்று முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது. தேவை என்றால் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பிறகு கடைக்குப் போகலாம்.

அடங்காக் குதிரையைத் தேசிங்கு அடக்கினான் என்று செஞ்சியில் இன்றும் கதை சொல்வார்கள். கிட்டாரின் குதிரையை அடக்கியது இரண்டு பூட்டுகளும், மழுங்காத இரண்டு முனைகளும், சமன் செய்த சில சுருள்வில்களுமே. அவற்றில் ஒன்று தவறினாலும் குதிரை லாயத்துக்குத் திரும்பாது.